உன்னைப் பார்த்துச் சொன்னது

தாராவி
6 ஜூலை 2025

என்ன பூமாரி, நல்லா இருக்கியாளா? அங்கன சாரல் எறங்கியிருக்குமே. ஒங்கம்மைக்குக் கால் வீக்கம் வத்திச்சா? ஒன் தங்கச்சி மாலதி மவன் இப்ப என்ன பேசுதான்? போன தடவ போன்ல 'பெரியப்பா பாம் பாம்'னான். சைக்கிள்ல இட்லி கொண்டு போகும்போது நான் அமுக்குத ஹாரன அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது பாரேன்.

இங்க நான் சொகம். அப்படித்தான எழுதணும். சட்னிதான் சொகமில்ல. நீ போன பெறவு நம்மகூட வேலைக்கு நிக்குத பய பேச்சிராஜாதான் அரைக்கான். மாட்டுங்கால பத்ரிநாராயணன் சார் ஒரு வாய் வச்சுட்டு, "என்ன மாரீஸ்வரன், ஆத்துக்காரி ஊருக்குப் போயிட்டாளா?"ன்னு கேட்டாரு. சட்னியில எழுதியா வச்சிருக்கு? "ஆமா சார், தங்கச்சி வீட்டுல ஒரு விசேசம்"னேன். விசேசம்னு சொன்னதும் "சந்தோஷம்"னாரு. என்னத்தச் சொல்ல.

போன்ல கூப்பிட வேண்டாம், சொல்லுதத எழுதட்டும்னு பேச்சிராஜாகிட்ட சொல்லிவிட்டுட்ட. நான் மூணாங்கிளாஸ். அதுலயும் பாதி நாள் ஆட்டுக்குப் பின்னால போனவன். எழுத்தெல்லாம் இங்க வந்து கட போர்டப் பாத்து, பேப்பரப் பாத்துப் பழகினது. கோணமாணயா இருந்தா பொறுத்துக்க.

நடந்தது உனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் கேளு. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளிய நாம நின்ன எடத்துல இனிமே நிக்கக் கூடாதுன்னு முனிசிபாலிட்டிக்காரன் சொல்லிட்டான். தெனம் ஒரு தெருவுல நின்னா வழக்கமா வாங்குத ஆளு எங்கன்னு தேடும்? அப்பந்தான் பத்ரிநாராயணன் சாரு மவ மானசா, வாஷியில ஆபீஸ் போகுதே அந்தப் பிள்ள, "அண்ணா, ஒரு வீடியோ போடுங்கோ. இன்னிக்கு இந்தத் தெருன்னு சொல்லுங்கோ, தானா வருவா"ன்னுச்சு. கம்பெனிகளுக்கு வீடியோ எடுத்துப் போடுததுதான் அதுக்கு வேலையே.

என் வாய்க்கு என்னளா கொறச்சல்? மாஹிம்ல அபராதம் எழுத வந்த டிராஃபிக் போலீஸக் கத சொல்லி உக்கார வச்சவன் நான். அது ஒரு பெரிய கத, பெறவு சொல்லுதேன். ஆனா அந்தப் போன முன்னால நீட்டினதும் பாரு, ரெண்டு கையும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிட்டு. எங்க வைக்கன்னு தெரியல. கண்ணு போன்ல தெரியுத என் மூஞ்சியையே பாக்குது. தொண்டையில இருந்து வேற எவனோ பேசுதான்: "வணக்கம் அன்பார்ந்த நேயர்களே." மானசா போனக் கீழ வச்சுட்டுச் சிரிக்கு. "எனக்கு இட்லி தரச்சே நேயரேன்னா கூப்பிடறேள்? ஊருக்குப் பேசாதீங்கோ அண்ணா. உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர் அந்த லென்ஸுக்குள்ள இருக்கான்னு நெனச்சுக்கோங்கோ. அவாகிட்டப் பேசுங்கோ."

எனக்கு யாரு இருக்கா பூமாரி? நம்ம கோலி ரூம்புல கண்ணாடியில நீ ஒட்டி வச்சிருந்த ஸ்டிக்கர் பொட்ட எடுத்து லென்ஸுக்கு ஓரத்துல ஒட்டினேன். அவ்வளவுதான். அடைச்ச குழாய் தொறந்த மாதிரி. நீ சட்னிக்குப் பொரிகடல வறுக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து பேசுவேம்லா, அதே பேச்சு. சாம்பார் கத, மழையில சைக்கிள் கவுந்த கத. ஆளு சேந்துச்சு. "அண்ணா இன்னும் சொல்லுங்க"ன்னு எழுதினாவ. செம்பூர்ல இருந்து ஒரு கல்யாணத்துக்கே இட்லி கேட்டாவ.

அந்த நெனப்புலதான் ஒரு நாள் நம்மூரு கோயில் கொடைக் கத வாயில வந்துட்டு. மாலதி செல்வத்தக் கட்டணும்னு அழுதா, ரெண்டு வீட்டுக்கும் கெணத்துத் தண்ணியில பழைய பக, பேச்சுவார்த்தையே கெடையாது. உச்சினிமாகாளி கொடையில நீ சாமியாடி, கூட்டத்துல நின்ன செல்வத்துக்க அம்மைய இழுத்துத் திருநீறு பூசி, "என் பிள்ளைக்கு உன் வீட்டுல எடங்குடு"ன்னு கேட்ட. முருகம்மா அத்த 'சரி தாயே'ன்னு சொல்லி முடிஞ்சுது. பெறவு ரயில்ல வரும்போது, "சாமியா வந்துச்சு? நாந்தான் ஆடினேன்"னு எங்கிட்டச் சொன்ன. இதத்தான் சொன்னேன். எம் பொண்டாட்டி மாதிரி புத்திசாலி உண்டாடேன்னு பெருமையாத்தாஞ் சொன்னேன். லட்சக்கணக்குல பாத்துட்டாவளாம். எனக்கே கெறக்கமா இருந்துச்சு.

அது ஊருக்குப் போகும்னு யோசிக்கலளா. ஒன்னப் பாத்துல்லா சொன்னேன்.

எப்ப வார?

மாரி

---

பாறைக்குளம்
13 ஜூலை 2025

மாலதியின் அக்கா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. நீளமாக இருந்தது. அதில் எனக்கு வேண்டியது கடைசி இரண்டு வரியில்தான் இருந்தது.

போனில் ஏன் பேசவில்லை என்றால், உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் நிலைக்காது. நீங்கள் மாஹிம் போலீஸ்காரரை உட்கார வைத்தது போல என்னையும் உட்கார வைத்துவிடுவீர்கள். எழுதும்போது நீங்கள் நின்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும் அல்லவா. அதற்குத்தான்.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். செல்வம் வேலை செய்யும் மில்லில் யாரோ ஒருவர் அந்த வீடியோவை அவனிடமே காட்டியிருக்கிறார். அவன் சிரித்துவிட்டு விட்டிருப்பான். அன்று சாயங்காலமே அது முருகம்மாள் அத்தையின் கைக்குப் போய்விட்டது. அத்தை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதாக மாலதி சொல்கிறாள். பிறகு ஒரு வார்த்தை திட்டவில்லை. மாலதியின் துணிகளை மடித்துப் பையில் வைத்து, பிள்ளையின் பால்புட்டியையும் வைத்து, "சாமி சொல்லுச்சுன்னு கூட்டிட்டு வந்தேன். சாமி சொல்லலேன்னா நீ யாரோ, நான் யாரோ. உங்க வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டாள். செல்வம் அம்மாவுக்கு எதிரே வாய் திறக்க மாட்டான். அவன் தினமும் தெருமுனைவரை வந்து நின்றுவிட்டுப் போகிறான்.

குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கிறது. ஒருத்தி என்னைப் பார்த்து, "என்னம்மா, இன்னைக்குச் சாமியா வந்திருக்கியா, பூமாரியா வந்திருக்கியா?" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த வீடியோவில் நீங்கள் சிரித்தீர்களே, அதே மாதிரி.

நீங்கள் என்னைப் பெருமையாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் யாரிடமும் உங்களை விட்டுக்கொடுத்துப் பேச முடியவில்லை. இங்கே எல்லோரும் உங்களைத் திட்டும்போது நான் சும்மா இருக்கிறேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். இன்னொரு வீடியோ போடுங்கள். அந்தக் கதையை நானே கட்டினேன், ஆள் சேர்வதற்காகச் சொன்னேன், என் மனைவி அப்படி எதுவும் என்னிடம் சொல்லவில்லை, அன்று வந்தது அம்மன்தான் என்று சொல்லுங்கள். அத்தை அதைப் பார்ப்பாள். மாலதி வீட்டுக்குப் போவாள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பூமாரி

---

தாராவி
20 ஜூலை 2025

பூமாரி,

நீ எழுதினதப் படிச்சுட்டு அன்னைக்கு ஏவாரத்துக்குப் போகல. மாவு பூராம் பொங்கி வழிஞ்சு தரையில ஓடுது. பேச்சிராஜா, "அண்ணே, மாவு மேல ஒமக்கு என்ன கோவம்?"ன்னு கேக்கான்.

மொதல்ல அந்த வீடியோவ அழிச்சுட்டேன். என் பக்கத்துல இருந்து போயிட்டு. ஆனா கோவண்டியில எவனோ ஒருத்தன் அத எடுத்து அவன் பேருல போட்டு, பின்னால உடுக்குச் சத்தம் வேற வச்சிருக்கான். நான் அவனுக்கு போன் போட்டா, "பாய், இது பப்ளிக்"ங்கான். நாம பேசினது எப்படில பப்ளிக் ஆச்சுன்னு கேட்டா கட் பண்ணிட்டான்.

நம்ம கோயில் கமிட்டி வானமாமலை அண்ணாச்சி இருக்காருல்லா, அவரு தெருவுல வச்சே புடிச்சாரு. "ஏ மாரி, ஒனக்கு வாய் இருக்கு, ஒத்துக்கிடுதேன். பூட்டு இருக்கா?" சுத்தி நின்னவனெல்லாம் சிரிக்கான். எனக்கு அதுக்கும் ஒரு பதில் வாயில வந்துச்சு. முழுங்கிட்டேன். நான் பதில முழுங்கினது நீ பாத்ததில்லல்லா? நல்லாவே இல்ல, நெஞ்சக் கரிக்கு.

நீ சொன்ன மாதிரி சொல்லிருவோம்னு உக்காந்தேன். சட்டைய மாத்தி, தலைய வாரி, போன மாவுத் தூக்குல சாத்தி வச்சேன். பொட்டு அங்கனதான் ஒட்டியிருக்கு. "மக்களே, அன்னைக்கு நான் சொன்ன கத என் கற்பன." இது வரைக்கும் வந்துட்டு. அடுத்து, "என் பொண்டாட்டி எங்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல." இது வரல. ஏன்னா அந்தப் பொட்டுக்குப் பின்னால நீ உக்காந்திருக்க. ஒன் மூஞ்சிக்கு நேரா, நீ சொன்னத நீ சொல்லலேன்னு எப்படிளா சொல்லது? கூசுது. பொட்டப் பிச்சுப்போட்டுட்டுப் பேசினேன். உடனே அந்த 'அன்பார்ந்த நேயர்களே' வந்து உக்காந்துட்டான். கை ரெண்டும் வெறச்சுப் போச்சு. பேச்சிராஜா அதப் பாத்துட்டு, "அண்ணே, இதப் போட்டா அந்தக் கத நெசந்தான்னு பாக்கியிருக்க ஆளுகளும் நம்பிரும்"னான்.

மானசாகிட்டப் போயி நின்னேன். அந்தப் பிள்ளைக்கும் கண்ணு கலங்கிட்டு. "அண்ணா, ஒருத்தர நெனச்சுண்டு பேசுங்கோன்னேன். அவாகிட்ட மட்டும் சொல்றத எல்லார்கிட்டயும் சொல்லுங்கோன்னு சொல்லலையே"ன்னுச்சு. நான் அங்கனயே படியில உக்காந்துட்டேன். எவ்வளவு சின்ன விசயம். எனக்கு அது வெளங்கலளா. நீயி லென்ஸுக்குள்ள வந்துட்ட, ஒன் பின்னால அத்தன பேரு நின்னு எட்டிப் பாக்கான்னு மறந்துட்டேன்.

மறுபடியும் எடுத்துப் பாக்கேன். நாளைக்கு, நாளன்னைக்கு, எப்படியும் ஒரு பொய் நல்லா வந்துரும். நீ சாப்பிடுதியா? கோவத்துல சாப்பிடாம இருந்தா ஒனக்குத் தல வலிக்கும். அந்தத் தைலம் இங்கதான் இருக்கு, எடுத்துட்டுப் போகலையே.

மாரி

---

பாறைக்குளம்
28 ஜூலை 2025

என்னங்க,

நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். நானும் யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு அது வராது. வந்தாலும் அத்தை நம்ப மாட்டாள். அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். நீங்கள் எந்த இடத்தில் மூச்சு வாங்கினீர்கள் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அன்று ரயிலில் சோலாப்பூர் தாண்டியதும் நான் உங்களிடம் பேச ஆரம்பித்தேன். "சாமியா வந்துச்சு? நாந்தான் ஆடினேன்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சாதாரணமாகவா? கையில் இருந்த டீ எல்லாம் மடியில் கொட்டியது. எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏளா, நீ பெரிய ஆளுளா, சாமியவே ஏமாத்திட்ட" என்று முதுகில் தட்டினீர்கள். நானும் சிரித்தேன்.

நான் பேசி முடிக்கவில்லை. அது ஆரம்பம்தான். அதற்கு மேல் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் அத்தனை தூரம் வாயை மூடிக்கொண்டு வந்தேன். நீங்கள் சிரித்ததும் மிச்சத்தைச் சொல்லக் கூச்சமாகிவிட்டது. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். பிறகு எத்தனையோ தடவை சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்களே முந்திக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பீர்கள். அதனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பாதியைத்தான் நீங்கள் உலகத்துக்கு முழுசாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

மிச்சத்தை அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடுகிறது, நான் கூப்பிட்டால் சத்தத்தைக் கூட்டுகிறாள். ஆனால் போன் பார்க்கிறாள். மாலதியின் பிள்ளைக்குப் பதிலாக இப்போது போன்தான் அவள் கையில் இருக்கிறதாம். செல்வம் சொன்னான்.

அதனால் நானே பேசப் போகிறேன். எனக்குக் கேமரா என்றால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டும் கரண்டியால் முகத்தை மறைத்தவள். மாலதி போனைப் பிடிப்பாள். 

அதன் முன்னால் எப்படி நிற்பது என்று மட்டும் எழுதுங்கள். என்ன பேசுவது என்று எழுத வேண்டாம்.

பூமாரி

---

தாராவி
3 ஆகஸ்ட் 2025

பூமாரி,

நான் சிரிச்சத நெனச்சுப் பாக்கேன். டீ கொட்டினது ஞாபகம் இருக்கு. தொட சுட்டது ஞாபகம் இருக்கு. ஒன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சா வரமாட்டேங்குது. பாக்கலபோல. அவ்வளவு பக்கத்துல உக்காந்திருந்தும் பாக்கல.

சரி. நீ கேட்டத மட்டும் எழுதுதேன். இதுல கத கெடையாது.

நிக்காத, உக்காரு. நின்னா காலு ஆடும், காலு ஆடுதது கொரல்ல தெரியும். கையில எதையாவது வச்சுக்க. எனக்குக் கரண்டி. ஒனக்கு மாலதி மவனோட சட்டைய வச்சு மடிச்சுக்கிட்டே பேசு, கை அதுபாட்டுக்கு அது வேலையப் பாக்கும். வெளிச்சம் ஒன் மூஞ்சியில விழணும், முதுகுல விழுந்தா கரிக்கட்ட மாதிரி தெரியும். வெயில் ஏறுததுக்கு முன்ன, வாசப் பக்கம் பாத்து உக்காரு. போன்ல ஒன் மூஞ்சி தெரியும், அதப் பாக்காத. பாத்தா முடி சரியில்ல, மூக்கு பெருசுன்னு மனசு அங்கன போயிரும். ஒன் மூக்கு நல்ல மூக்குதான். மாலதிகிட்ட போன் ஸ்கிரீன ஒரு துணியால மூடச் சொல்லு, லென்ஸ் ஓட்ட மட்டும் தெரிஞ்சாப் போதும்.

எழுதி வச்சுப் படிக்காத. திக்கினா திக்கிக்க. நிறுத்தினா நிறுத்திக்க. நான் கண்டது என்னன்னா, சரளமாப் பேசுத எடத்துல ஆளுக கை தட்டுது. திக்குத எடத்துலதான் நம்புது. போட்ட பெறவு கீழ எழுதுததப் படிக்காத. அதுல நல்லதும் இருக்கும், கெட்டத மட்டுந்தான் கண்ணு எடுக்கும்.

கடசியா ஒண்ணு. யாரையாவது ஒருத்தர உள்ள உக்கார வச்சுத்தான் பேச முடியும், அதுல மானசா சொன்னது தப்பில்ல. ஆனா பூமாரி, என்ன உக்கார வச்சுராத. நான் சிரிச்ச ஆளு. என்னப் பாத்தா நீ சிரிக்க வைக்கதுக்குத்தான் பேசுவ, இல்ல கோவத்துல பேசுவ. முருகம்மா அத்தைய உக்கார வை. கதவு தொறந்துட்டு, அத்த எதுத்தாப்புல இருக்கா, டிவிய நிறுத்திட்டா. அவ்வளவுதான்.

அதப் போடுத அன்னைக்கு நானும் பாப்பேன். எனக்குன்னு சொல்ல வந்தத, ஊரோட ஊரா நின்னு கேக்கணும். அது எனக்கு வேணும். இந்தக் கடுதாசியோட, ஊருக்கு வார பேச்சிராஜாவோட அத்தான்கிட்ட அந்தத் தைலத்தையும் குடுத்துவிட்டிருக்கேன்.

மாரி

---

பாறைக்குளம்
12 ஆகஸ்ட் 2025

என்னங்க,

பார்த்திருப்பீர்கள். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன மாதிரியே பிள்ளையின் சட்டையை மடித்தேன். ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தேன். முதல் இரண்டு தடவை வாயே திறக்கவில்லை. மாலதி, "அக்கா, ஓடிட்டே இருக்கு, பேசுக்கா" என்று அழுகிறாள். மூன்றாவது தடவைதான் "அத்தை" என்று வந்தது. அந்த வார்த்தை வந்த பிறகு நீங்கள் சொன்னபடி கதவு திறந்துவிட்டது.

ஆடியது நான்தான் என்றேன். மிரட்டத்தான் போனேன், சம்மதிக்காவிட்டால் உன் வம்சம் விளங்காது என்று சொல்ல மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன் என்றேன். ஆனால் அத்தை, உங்கள் முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்ததும் அது வாயில் வரவில்லை, கெஞ்சல்தான் வந்தது, எடங்குடு எடங்குடு என்று கேட்டது எனக்கே கேட்டது, அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை, கண் திறந்தபோது உங்கள் மடியில் கிடந்தேன், நீங்கள் முந்தானையால் என் வாயைத் துடைத்தீர்கள் என்றேன். கெஞ்சினது சாமியா நானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அது பொய் இல்லை என்று மட்டும் தெரியும் என்றேன். அவ்வளவுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அத்தை எங்கள் தெருவுக்கு வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏட்டி மாலதி, பால் காய வச்சுட்டு வந்திருக்கேன், பொங்கிரும், வா" என்றாள். மாலதி பையை எடுக்கக்கூட மறந்து பின்னாலேயே போனாள்.

நான் படியிறங்கி வந்தேன். அத்தை திரும்பினாள். "அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. என் மடியில கெடந்தத ஊருக்கெல்லாம் ஏன் சொன்ன? கண்டவனும் இப்ப எங்கிட்ட வந்து, 'உங்க மடியிலயா விழுந்தா?'ங்கான்" என்றாள். கதவைத் தட்டினேனே அத்தை, என்றேன். "தொறந்திருப்பேன். இன்னும் நாலு நாள் தட்டியிருக்கலாம்" என்றாள். போய்விட்டாள்.

 உங்களிடம் நான் கேட்க நினைத்த அதே கேள்வி. அதே கோபம். நானும் ஒருத்தியை உள்ளே உட்கார வைத்துவிட்டு, பின்னால் நிற்கும் கூட்டத்தை மறந்துவிட்டேன். அல்லது மறக்கவில்லையோ. அத்தனை பேர் பார்த்தால் அவளால் மறுக்க முடியாது என்று உள்ளே ஒரு கணக்கு இருந்ததோ. கொடையில் கூட்டத்துக்கு நடுவே அவளை இழுத்தேனே, அதே மாதிரி. இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மாலதி வீட்டில் இருக்கிறாள். செல்வம் தெருமுனையில் நிற்பதில்லை. ஆனால் அத்தை என் முகத்தைப் பார்ப்பதில்லை. இனிமேல் கொடைக்கு என்னை மஞ்சள் தண்ணி ஊற்றக் கூப்பிட மாட்டார்கள். வீடியோவின் கீழே நிறையப் பேர் அழுதேன் என்று எழுதியிருக்கிறார்களாம். படிக்கவில்லை.

தாராவிக்கு எப்போது வருவேன் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. கேமராவிலும் சொல்லாத ஒன்று. அத்தையிடமும் சொல்ல முடியாது, அது உங்களைப் பற்றியது. நேரில்தான் சொல்ல முடியும். நான் அதைச் சொல்லும்போது நடுவில் சிரிக்காமல், பேசாமல், உங்கள் கதை எதையும் சேர்க்காமல், பிறகு யாரிடமும் எடுத்துச் சொல்லாமல், கடைசிவரை உங்களால் கேட்க முடியுமா?

ஒரே வரியில் பதில் எழுதுங்கள். ஒரு வரிக்கு மேல் இருந்தால் படிக்க மாட்டேன்.

பூமாரி

---

தாராவி
17 ஆகஸ்ட் 2025

பூமாரி,

ஒரு வரின்னு சொல்லியிருக்க. அந்த ஒரு வரிய எழுதுததுக்கு முன்னால இதச் சொல்லிருதேன், இத வரியில சேக்காத.

நீ பேசினத நான் எங்க நின்னு பாத்தேன் தெரியுமா? மாட்டுங்கால ஏவாரத்துல நிக்கேன். மானசா ஓடி வந்து போனக் கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிடுச்சு. இட்லி கேட்டு ஒரு ஆளு கைய நீட்டிக்கிட்டு நிக்காரு. நீ மூணாவது மடிப்பு மடிச்சுட்டு 'அத்தை'ன்ன. எனக்கு ஒன் கொரலே புதுசா இருந்துச்சு. இத்தன வருசத்துல நீ நாலு வாக்கியம் சேந்தாப்புல பேசி நான் கேட்டதே இல்லயோன்னு இருந்துச்சு. நான் விட்டாத்தான. அந்த ஆளு, "என்னப்பா, சட்னி ஊத்து"ங்காரு. நான், "இருங்க சார், எம் பொண்டாட்டி பேசிட்டிருக்கா"ன்னேன். அவரும் கைய நீட்டினது நீட்டினபடி நின்னு கேட்டாரு. முடிஞ்சதும் இட்லிய வாங்கிட்டுச் சட்னிகூடக் கேக்காமப் போயிட்டாரு.

அத்த சொன்னது எனக்கும் சேத்துத்தான் சொன்ன மாதிரி இருக்கு. நீ தூங்காம இருக்காத. நீ கணக்குப் போட்டியா போடலியாங்கது... சரி, நான் அதுல பேசக் கூடாது. பாரு, நீ சேக்காதன்னு சொன்னத இப்பவே சேக்குதேன்.

எனக்குப் பயமா இருக்குளா. என்னப் பத்தினதுன்னு எழுதியிருக்க. நாலு தடவ படிச்சேன். என்னவா இருக்கும்னு எனக்குத் தெரிஞ்ச கதையெல்லாம் போட்டுப் பாக்கேன், ஒண்ணும் பொருந்தல. வாய மூடிக்கிட்டு இருந்து பழகுதேன். நேத்து பேச்சிராஜா அவன் அக்கா வீட்டுச் சண்டையச் சொன்னான். எனக்கு நாக்கு நுனியில மூணு கத நிக்கி. ஒண்ணும் சொல்லல. கடசியில அவன், "அண்ணே, ஒடம்பு சரியில்லயா?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தான். அவன் இன்னைக்கு ஊருக்கு வாரான், இந்தக் கடுதாசிய அவன் கையிலதான் குடுத்துவிடுதேன். இப்பங்கூட வாசல்ல நின்னு, "அண்ணே, டேசன் போயிச் சேரணும், வண்டி போயிரும், முடிங்க"ன்னு கத்துதான். இருடே, இன்னும் ஒரே வரிதான்னேன். "ஒரு வரிக்கா இம்புட்டு நேரம்?"ங்கான். அவனுக்கு என்ன தெரியும், கல்யாணம் ஆகாத பய. உள்ள வந்துட்டான், பேப்பரப் புடிக்கான். இருடே, இருடே. பூமாரி, இதான் அந்த வரி. நீ சொல்லு, நான்